பதினான்காவதா, இருபத்திரண்டாவதா?

மார்ச் பிறந்துவிட்டால், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பொருளாதார முனைவர் படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு எல்லாப் பக்கமிருந்தும் ஒரே அறிவுரைதான் வருகிறது. இரண்டு மூன்று இடங்களில் கிடைத்திருக்கிறதா? தரவரிசையில் எது மேலே இருக்கிறதோ அதை எடு, யோசிக்காதே. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் எம்.ஏ. படித்த சீனியர் சொல்கிறார், பரிந்துரைக் கடிதம் எழுதிய பேராசிரியர் சொல்கிறார், பொருளாதாரமே படிக்காத பெரியப்பாவும் கூகுளில் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார். இத்தனை பேர் ஒரே குரலில் சொல்வதில் உண்மை இல்லாமல் போகாது. ஆனால் அந்த உண்மை எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை யாரும் அளந்து சொல்வதில்லை.

முதலில் அதற்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று அங்கேயே பேராசிரியரானவர்களில் 80 சதவீதம் பேர், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குப் பல்கலைக்கழகங்களிலிருந்து மட்டும் வந்தவர்கள் என்று 2022இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. எல்லாத் துறைகளையும் சேர்த்த கணக்கு அது. பொருளாதாரத்தில் இந்த மேடுபள்ளம் குறைவு என்று அத்துறையில் இருக்கும் யாரும் சொல்லமாட்டார்கள். ஆகவே ஆறாவது இடமா, அறுபதாவது இடமா என்று கேட்பவருக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. ஆனால் அப்படிப்பட்ட கேள்வி எத்தனை பேருக்கு வருகிறது? ஒரே மதிப்பெண் பட்டியலையும் ஒரே கடிதங்களையும் எல்லா இடத்துக்கும் அனுப்புகிறவருக்கு அக்கம்பக்கத்து இடங்களிலிருந்துதான் பெரும்பாலும் அழைப்பு வரும். ஒன்று 14ஆவது, ஒன்று 22ஆவது, இன்னொன்று 31ஆவது. அங்கேதான் இந்த அறிவுரை தன் எல்லையைத் தாண்டிப் பேசுகிறது.

தரவரிசை படிப்பின் தரத்தை அளக்கிறது என்பது முதல் வாதம். அளக்கவில்லை. பலரும் கையில் வைத்திருக்கும் ‘யு.எஸ். நியூஸ்’ பட்டியல், துறைத்தலைவர்களும் முனைவர் படிப்புப் பொறுப்பாளர்களும் பிற துறைகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை போட்ட மதிப்பெண்ணின் சராசரி. அவ்வளவுதான். மற்றொரு பல்கலைக்கழகத்தின் முதலாண்டு வகுப்பறைக்குள் கால் வைத்தே இராதவர், அங்கே இருக்கும் பெயர்களை நினைத்துப் போடும் மதிப்பெண் அது. ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்கு கூடினால் சில இடங்கள் மேலே ஏறிவிடலாம். இன்னொரு பட்டியலான ‘ரெபெக்’, பதிவு செய்துகொண்ட ஆசிரியர்களின் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணுகிறது. இரண்டுமே ஆசிரியர்களைப் பற்றியவை. அந்த ஆசிரியர்கள் மாணவர்களுக்கு என்ன செய்கிறார்கள் என்ற கேள்வியை இரண்டும் கேட்கவே இல்லை.

அடுத்த வாதம் கனமானது. பெரிய இடத்தில் சேர்ந்துவிட்டால் மீதி தானாக நடக்கும் என்பது. இதற்கு எதிரான வலுவான சான்று பொருளாதார அறிஞர்களிடமிருந்தே வந்தது. ஜான் கான்லி, அலி சினா ஓண்டர் இருவரும் 1986 முதல் 2000 வரை வட அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றவர்களின் வெளியீடுகளைக் கணக்கெடுத்து, 2014இல் ‘ஜர்னல் ஆஃப் எகனாமிக் பர்ஸ்பெக்டிவ்ஸ்’ இதழில் எழுதினார்கள். ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’வில் வரும் ஒரு கட்டுரையை ஒன்று என்று வைத்து மற்ற இதழ்களுக்கு அதற்கேற்ப எடை கொடுத்தார்கள். முதல் பத்துத் துறைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், வரிசையின் நடுவில் நிற்கும் மாணவர் பட்டம் பெற்று ஆறு ஆண்டு கழித்து வைத்திருந்தது 0.03க்கும் குறைவு. அநேகமாக எந்தப் பல்கலைக்கழகத்திலும் நிரந்தரப் பணி வாங்கித் தராத கணக்கு அது. இத்தனைக்கும் இது பத்துப் பெரிய பெயர்களின் நடு மாணவர்.

அதே ஆய்வில் சின்ன துறையான கார்னகி மெலனின் 85ஆவது நூற்றுமானத்தில் இருந்தவர்கள், சிகாகோ, பென்சில்வேனியா, ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி ஆகியவற்றில் அதே நிலையில் இருந்தவர்களை முந்தினார்கள். இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் சின்ன இடத்துக்கே போகிறேன், அங்கே முதலாளாக இருப்பேன்’ என்று கிளம்புவதும் தவறு. சின்ன இடத்திலும் நடுவில் நிற்க நேரலாம். அங்கே மேலே வந்தவர் எங்கே போயிருந்தாலும் மேலே வந்திருப்பாரோ என்னவோ, அதை இந்தக் கணக்கு பிரித்துச் சொல்லாது. தவிர, மத்திய வங்கிக்கோ தனியார் நிறுவனத்துக்கோ மனமுவந்து போனவரும் இதில் தோற்றவராகவே தெரிவார். ஆனால் அறிவுரை சொல்பவர்கள் விற்பது பேராசிரியர் கனவைத்தான். அந்தக் கனவுக்குப் பெயர் மட்டும் போதாது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

‘சரி, வேலைக்குப் போனவர்களின் பட்டியலைப் பார், அதுவே சாட்சி’ என்பார்கள். பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் முடித்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். 2002இல் 27 துறைகளில் சேர்ந்த 586 பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், எட்டு ஆண்டுகள் கழித்துச் சேர்ந்த இடத்திலேயே பட்டம் பெற்றிருந்தவர்கள் 59 சதவீதம். மற்றவர்கள் அவர்கள் சேர்ந்த துறையின் பட்டியலில் இல்லை. சில இடங்களில் முதலாண்டு முடிவில் வரும் தகுதித் தேர்வு உண்மையான வடிகட்டி. இருபத்தைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு பாதிப் பேரோடு முன்னே போகும் துறைகளும் உண்டு. ஆகவே கேட்க வேண்டியது இது: எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேர்வில் போனார்கள், எத்தனை பேர் ஆறாம் ஆண்டில் வேலைச் சந்தைக்கு வந்தார்கள்? பட்டியலிலும் முதல் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒவ்வோர் ஆண்டிலும் நான்காவது, ஐந்தாவது பெயர் எங்கே போனது, அவர்கள் எந்தப் பிரிவில் வேலை செய்தார்கள் என்று பாருங்கள். கோட்பாட்டில் சிறந்த துறை, வளர்ச்சிப் பொருளாதாரம் படிக்க வந்தவரை எப்படி அனுப்பி வைக்கிறது என்பது வேறு கதை.

இதற்கு அடுத்தபடியாக வருவது நட்சத்திரப் பேராசிரியர் வாதம். ‘அவர் இருக்கிறார், அவரிடம் போகாமல் வேறெங்கே போவது?’ அவர் இருப்பாரா என்பதுதான் கேள்வி. ராஜ் செட்டி 2003இல் பெர்க்லியில் சேர்ந்தார், 2009இல் ஹார்வர்டுக்குப் போனார், 2015இல் ஸ்டான்ஃபோர்டுக்கு, 2018இல் மீண்டும் ஹார்வர்டுக்கு. அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2026 ஜூலையில் எம்.ஐ.டி.யிலிருந்து சூரிச் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்கள் என்று 2025 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. இடம் மாறுவது அவர்கள் உரிமை. ஆனால் முனைவர் படிப்புக்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். நெறியாளர் தேவைப்படுவது மூன்றாம் ஆண்டில். ஒருவரை நம்பிப் போவதைவிட, உங்கள் பிரிவில் மூன்று பேராவது இருக்கும் துறைக்குப் போவது நல்லது. இன்னும் நிரந்தரமாகாத உதவிப் பேராசிரியரையே முழுக்க நம்பினால், நீங்கள் ஆய்வேடு எழுதும் நேரத்தில் அவர் வேறு ஊரில் இருக்கக்கூடும்.

நெறியாளர் நேரம் தருகிறாரா என்பதற்கு எந்த வரிசையும் கிடையாது. ஃபின் கிட்லண்ட் 1973இல் கார்னகி மெலனில் பட்டம் பெற்றபோது அவரது நெறியாளர் எட்வர்ட் பிரெஸ்காட். பின்னர் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரைகளுக்காக 2004இல் நோபல் பரிசையும் சேர்ந்தே பெற்றார்கள். ரிச்சர்ட் தாலர் ராச்செஸ்டரில் ஷெர்வின் ரோசனிடம் படித்து 1974இல் பட்டம் பெற்றவர். நோபல் பெற்றவர்களை வைத்து வழக்காடுவது எனக்கே பிடிப்பதில்லை. விதிவிலக்குகளை வைத்து விதி எழுத முடியாது. ஆனால் சின்ன துறையில் ஆசிரியரும் மாணவரும் ஒரே பிரச்சினையில் தலையைக் கொடுக்க முடியும் என்பதற்கு இவர்களைத் தவிர வேறு சாட்சி வேண்டாம். நெறியாளர் நேரம் தருகிறாரா என்பதை அறிய ஒரே வழி, நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களைத் தனியாகப் பிடித்துக் கேட்பது: கடைசியாக எப்போது உங்கள் வரைவைப் படித்துத் திருப்பிக் கொடுத்தார்? துறை ஏற்பாடு செய்யும் வருகை நாளில் இதற்குப் பதில் கிடைக்காது. பெண் பார்க்க வரும் நாளில் எந்த வீடும் சுத்தமாகத்தான் இருக்கும்.

பணத்தைப் பற்றிப் பேசுவது அறிவுக்கு இழுக்கு என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ‘எல்லா இடத்திலும் உதவித்தொகை உண்டு, அதையா பார்ப்பது’ என்று முடித்துவிடுகிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். கடிதத்தில் உள்ள தொகை ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? ஐந்தாண்டுக்கு உறுதி தருகிறார்கள். ஆறாம் ஆண்டு என்ன ஆகும்? மருத்துவக் காப்பீட்டை யார் கட்டுவது? ஒவ்வொரு பருவத்திலும் பாடம் நடத்தித்தான் அந்தப் பணத்தைச் சம்பாதிக்க வேண்டுமா? இரண்டாம் ஆண்டில் கற்பிக்கும் கடமை இல்லாத துறையில் அந்த நேரம் முழுக்க ஆய்வுக்குப் போகிறது. வாடகை அதிகமான கடலோர நகரத்தில் பெரிய தொகை கிடைத்தும் கையில் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம்.

இந்திய மாணவருக்கு இன்னொன்று இருக்கிறது, இதைப் பேராசிரியர்கள்கூடச் சொல்வதில்லை. பட்டம் அமெரிக்க அரசின் வகைப்பாட்டில் பொதுப் பொருளாதாரம் என்று பதிவாகியிருந்தால், மாணவர் விசாவில் படித்தபின் வேலை செய்ய 12 மாதம்தான் கிடைக்கும். எகனாமெட்ரிக்ஸ், அளவைப் பொருளாதாரம் என்ற வகையில் பதிவாகியிருந்தால் இன்னும் 24 மாதம் நீட்டிப்புக் கேட்கலாம். படிக்கும் பாடங்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தாலும் இந்த வேறுபாடு இருக்கும். துறை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினால் தெரிந்துவிடும், எழுத்தில் வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது. இருபத்திரண்டாவது இடம் 36 மாதமும் பதினான்காவது இடம் 12 மாதமும் தருமானால், எந்த இடம் மேலே?

கடைசியாக, அவசரப்படுத்தும் வாதம். ‘உடனே சரி என்று சொல்லாவிட்டால் இடம் போய்விடும்’ என்று பயமுறுத்துவார்கள். அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் கூட்டமைப்பில் ஒரு தீர்மானம் இருக்கிறது: அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகம் நிதியுதவியோடு அழைத்தால், ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்ல மாணவர் கடமைப்பட்டவரில்லை. கையெழுத்திட்ட நிறுவனங்களின் பட்டியல் பொதுவில் கிடைக்கிறது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு இது பொருந்தாது, அவற்றின் கெடுவைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன கேள்விகளைக் கேட்கவும் பதில் வாங்கவும் மார்ச் முழுவதும் இருக்கிறது. போக மாட்டோம் என்று உறுதியாகத் தெரிந்த இடங்களுக்கு மட்டும் அன்றைக்கே எழுதிவிடலாம். அந்தத் துறையின் காத்திருப்போர் பட்டியலில் யாரோ ஒருவர் தினமும் மின்னஞ்சலைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.