கம்ப்யூட்டர்ல புரோநோட்டு கிழியறதில்லை

கடனை அடைச்சாச்சு, இனி வீட்டுக்கடன் கிடைச்சிடும்னு நம்புற விவசாயிங்க எங்க ஊர்ல நிறைய பேர். பேங்க்ல போய் நிக்கும்போதுதான் சிபில்னு ஒரு வார்த்தையே அவங்க காதுல விழுது.

பக்கத்து வயல்காரர் டிராக்டர் கடன் வாங்கினார். ரெண்டு வருஷம் மழை ஏமாத்திடுச்சு, தவணை நின்னுபோச்சு. பேங்க்காரங்களே கூப்பிட்டு, "3 லட்சம் பாக்கியில 2 லட்சம் கட்டுங்க, முடிச்சுக்கலாம்"னாங்க. வீட்டம்மா நகையை வித்துக் கட்டினார். நாலு வருஷம் கழிச்சு, ஓட்டு வீட்டைப் பிரிச்சு மாடி வீடு கட்டக் கடன் கேட்டா, இல்லைன்னுட்டாங்க. அவர் கணக்கு 'குளோஸ்டு'ன்னு இல்லையாம், 'செட்டில்டு'ன்னு இருக்காம். முழுசாக் கட்டலை, பேசி முடிச்சதுன்னு அர்த்தம்.

எங்க ஊர் வழக்கத்துல, கொடுத்தவரும் வாங்கினவரும் ஒத்துக்கிட்டு புரோநோட்டைக் கிழிச்சா அதோட தீர்ந்தது. அதே நினைப்புலதான் இவரும் இருந்தார்.

பேங்க் தன் நஷ்டத்தைப் பதிவு பண்றதை நான் தப்பு சொல்லலை. ஆனா பணத்தை எண்ணி வாங்கின அன்னைக்கே, "இப்படி முடிச்சா உங்க பேர்ல இப்படித்தான் ஏறும்"னு தமிழ்ல ஒரு தாள்ல எழுதிக் கொடுத்திருக்கணும். தெரிஞ்சிருந்தா அந்த மனுஷன் மாட்டை வித்தாவது மீதியைக் கட்டியிருப்பார். சலுகைன்னு சொல்லிக் கொடுக்கிறவங்க, அதோட விலையையும் சொல்றதுதானே நியாயம்?

இப்போ அவர் செய்யறதைச் சொல்றேன், யாருக்காவது உதவும். விட்டுப்போன ஒரு லட்சத்தைக் கட்டி, பாக்கி இல்லைன்னு சான்று வாங்கி, கணக்கைக் 'குளோஸ்டு'ன்னு மாத்தச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கார். சின்னதா ஒரு நகைக்கடன் வாங்கி, கெடு தவறாம கட்டுறார். ரிப்போர்ட்ல கடைசி 36 மாசம் கட்டின விவரம் தெரியும், அதனால இதுல அவசரம் உதவாது. பத்து பேங்க்ல மனு போட்டா மார்க் இன்னும் இறங்கும்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு நாலு கம்பெனி இந்தக் கணக்கை வச்சிருக்கு. ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட்டை இலவசமாத் தரணும். தப்பு இருந்தா புகார் கொடுக்கலாம். 30 நாளுக்குள்ள தீர்க்கலைன்னா, அப்புறம் நாளுக்கு 100 ரூபா நஷ்டஈடு தரணும்கிறது ரிசர்வ் பேங்க் விதி.

பட்டணத்துல இருக்கிறவங்களுக்கும் இது சம்பந்தப்பட்டதுதான். அப்பா வாங்கின கடனுக்கு நீங்க ஜாமீன் போட்டிருந்தா, அது உங்க ரிப்போர்ட்லயும் வரும். நாளைக்கு நீங்க ஃபிளாட் வாங்கப் போகும்போது அது முன்னால வந்து நிக்கும்.

அடுத்த தடவை ஊருக்கு வரும்போது, அப்பாவோட ரிப்போர்ட்டைப் போன்ல எடுத்து, பக்கத்துல உட்கார்ந்து தமிழ்ல படிச்சுச் சொல்லுங்க. அது இங்கிலீஷ்ல இருக்கும், அவருக்குப் புரியாது.