டிரான்ஸ்ஃபர் கேஸில் கை வைக்கும் முன்

"வளைவுல ஸ்டீயரிங் இறுகுது, வண்டி உதறுது, அடியில டொக்குனு சத்தம் வருது." ஃபோர் வீல் பிக்கப் ஓட்டுநர் இப்படிச் சொன்னதும் நம்மில் பலருடைய கண் நேரே டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத்தான் போகிறது. இறக்கிப் பிரித்துப் பார்த்தால் செயினும் சரி, பேரிங்கும் சரி, பழுதில்லாமல் இருக்கும். ஆயில் மாற்றி மாட்டி அனுப்புவோம். வண்டி அதே புகாரோடு திரும்பி வரும்.

நம் மலைகளில் ஓடும் பிக்கப்களில், இசுசு வி-கிராஸோ பொலேரோ கேம்பரின் ஃபோர் வீல் ரகமோ, தேவைப்படும்போது மட்டும் முன்சக்கரத்துக்கு இழுவை கொடுக்கும் ஏற்பாடுதான் இருக்கிறது. நடு டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் ஹை போட்டதும் முன், பின் ஷாஃப்ட் இரண்டும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். ஆனால் வளைவில் முன்சக்கரங்கள் ஓட வேண்டிய தூரம் அதிகம். சேற்றில் டயர் லேசாக வழுக்கி அந்த வித்தியாசத்தைக் கழித்துவிடும். காய்ந்த தாரில் வழுக்க வழியில்லை. முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் கிரவுனிலும் ஏறி நிற்கும். எஸ்டேட் சேற்றில் போட்ட ஃபோர் ஹையை எடுக்காமலே வால்பாறையிலிருந்து ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒருவர் இறக்கிக்கொண்டு வந்தால், அந்த வண்டி உதறத்தான் செய்யும். அது பழுது இல்லை. லீவர் வர மறுத்தால் இழுத்துப் போராட வேண்டாம். ஸ்டீயரிங்கை நேராக்கி, சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு இறங்கிவிடும். பலத்தைக் காட்டினால் வளைவது ஷிஃப்ட் ஃபோர்க்தான்.

நேர் சாலையிலும் இறுகுகிறது என்றால் டயரைப் பாருங்கள். இங்கே கொஞ்சம் கணக்கு தேவை. 245/70 ஆர்16 டயரின் சுற்றளவு சுமார் 2.35 மீட்டர். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 425 சுற்று. பாரம் ஏற்றிப் பின் டயர் தேய்ந்ததால் பின்னால் மட்டும் இரண்டு புது டயர் போட்டிருக்கிறார் உரிமையாளர் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் இருப்பது 5 மில்லிமீட்டர் தேய்ந்த பழசு. ஒரு சுற்றுக்கு 31 மில்லிமீட்டர் வித்தியாசம். கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 13 மீட்டர். டூ ஹையில் யாருக்கும் தெரியாது. ஃபோர் ஹையில் அந்த 13 மீட்டரையும் எங்காவது தேய்த்துத்தான் தீர்க்க வேண்டும். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, தரையிலும் குறித்து, வண்டியைச் சரியாக ஒரு சுற்று தள்ளி டேப்பால் அளந்து பாருங்கள். காற்றைச் சரிசெய்த பிறகு அளப்பது முக்கியம். வேறு வண்டியின் ஹவுசிங்கை மாட்டியிருந்தால், முன் கிரவுன் விகிதமும் பின் விகிதமும் ஒன்றுதானா என்று பல்லை எண்ணிவிடுங்கள்.

டூ ஹையிலும் வண்டி அலைகிறது என்றால் ஃபோர் வீலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பால் ஜாயின்ட், டை ராட், புஷ், அலைன்மென்ட் என்று வழக்கமான வழியில் போகலாம். ஸ்பேசர் வைத்து முன்பக்கத்தை உயர்த்திய வண்டி என்றால் காஸ்டர் கோணத்தை முதலில் அளக்க வேண்டும். அது குறைந்தால் ஸ்டீயரிங் நேரே நிற்காது. அழகுக்காக உயர்த்துகிறவர்களிடம் இதை முன்பே சொல்லிவிடுவது நமக்கு நல்லது.

வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட் நம்மை ஏமாற்றக்கூடியது. இழுவை ஏறாதபோது தேய்ந்த ஜாயின்ட்கூடச் சத்தமில்லாமல் சுற்றும். தாரில் ஃபோர் ஹை போட்டு வளைத்தால் முறுக்குச் சத்தத்தில் அது மறைந்துபோகும். சரளை மைதானத்தில் ஃபோர் ஹை போட்டு, முழு வளைவில் மெதுவாக ஓட்டினால் 'டிக் டிக்' தெளிவாகக் கேட்கும். கையால் பூட்டும் ஹப் உள்ள வண்டியில் ஒருபக்கம் மட்டும் பூட்டியிருந்தால், ஃபோர் வீல் விளக்கு எரியும், ஆனால் முன்சக்கரம் இழுக்காது. பூட்டாத பக்கத்திலேயே இழுவை வீணாகிவிடும். பின்னால் லிமிடெட் ஸ்லிப் இருந்து, இறுக்கமான வளைவில் டூ ஹையிலேயே கரகரத்தால், யாரோ சாதாரண கிரவுன் ஆயிலை ஊற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

இதெல்லாம் தெரியாததால்தான் நாம் கேஸைப் பிரிக்கிறோம் என்றில்லை. பெட்டியை இறக்கினால் கூலி எழுதலாம். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துக் காரணம் சொன்னால் பணம் கேட்கக் கூச்சப்படுகிறோம். வாடிக்கையாளரும் பார்ட்ஸுக்குக் கொடுப்பார், யோசனைக்குக் கொடுக்கத் தயங்குவார். இந்தப் பழக்கம்தான் நல்ல பெட்டிகளைப் பிரிக்க வைக்கிறது. ஆகவே, ஜாப் கார்டில் எந்த லீவர் நிலையில், எந்தத் தரையில், எந்த டயரில் புகார் வந்தது என்று எழுத இடம் ஒதுக்குங்கள். சோதனை ஓட்டத்துக்கும் பில்லில் தனி வரி போட்டு, கூசாமல் தொகையை எழுதுங்கள்.