விஞ்ஞானம் மாறிக்கொண்டே இருக்கிறதாம்!

"விஞ்ஞானிகள் இன்றைக்கு ஒன்று சொல்லுகிறார்கள்; நாளைக்கு அதையே இல்லை என்கிறார்கள். நம் முன்னோர்கள் சொன்னதோ அன்று முதல் இன்று வரை ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. மாறுகிறதை நம்புவதா, மாறாததை நம்புவதா?" என்று ஒரு கேள்வி நம் ஜனங்களிடையே உலாவுகிறது. படித்தவர்களும் கேட்கிறார்கள், படிக்காதவர்களும் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, இதற்குமேல் பதில் ஏது என்பதுபோல் சிரிக்கவும் சிரிக்கிறார்கள்.

இதற்குத் தத்துவம் பேசிப் பதில் சொல்லவேண்டிய அவசியமில்லை. ஒரு மிருகத்தின் கதையைச் சொன்னாலே போதும். அம்மிருகத்தின் பெயர் ஸ்டெகோசாரஸ்.

இது டைனோசார் இனங்களில் ஒன்று. யானையைப் போல் கனத்த உடம்பு. மூக்கிலிருந்து வால் நுனி வரை இருபது அடிக்கு மேல் நீளம். முன்னங்கால் குட்டை, பின்னங்கால் நெட்டை. அவ்வளவு பெரிய உடம்புக்கு மிகச் சிறிய தலை. கழுத்திலிருந்து வால் வரை முதுகின்மேல் பெரிய பெரிய எலும்புத் தகடுகள்; வால் நுனியில் நீண்ட முட்கள். தின்றது இலை தழைகள். ஜுராசிக் என்று சொல்லப்படும் காலத்தின் பிற்பகுதியில், அதாவது சுமார் 15 கோடி வருஷங்களுக்கு முன், இப்பொழுது அமெரிக்காவின் மேற்கு மாகாணங்களாக இருக்கும் பூமியில் இது மேய்ந்து திரிந்தது.

"15 கோடி வருஷம் என்று எவன் கண்டான்?" என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். இந்த எலும்புகள் கிடைக்கும் பாறை அடுக்குகளுக்கு இடையிடையே அக்காலத்து எரிமலைகள் கக்கிய சாம்பல் படிந்திருக்கிறது. அச்சாம்பலிலுள்ள சில பொருள்கள் ஒரு குறிப்பிட்ட வேகத்தில், கூடாமலும் குறையாமலும், வேறு பொருள்களாகச் சிதைந்துகொண்டே வருகின்றன. எவ்வளவு சிதைந்திருக்கிறது, எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்தால் சாம்பல் விழுந்த காலம் தெரிந்துவிடும். எரிந்த மெழுகுவர்த்தியில் மிச்சத்தைப் பார்த்து எத்தனை மணி நேரம் எரிந்தது என்று கணக்கிடுவது போன்றதே இது. சந்தேகம் உள்ளவர் கருவியைக் கையிலெடுத்து அளந்து பார்க்கலாம்; யாரும் தடுக்கவில்லை.

நிற்க, இந்த மிருகம் அகப்பட்ட விதத்தைக் கவனிப்போம். 1877-ம் வருஷம் அமெரிக்காவில் கொலராடோவிலுள்ள மாரிசன் என்னும் ஊருக்குப் பக்கத்தில், ஆர்தர் லேக்ஸ் என்ற பள்ளிக்கூட உபாத்தியாயர் பாறையில் பெரிய எலும்புகளைக் கண்டு, யேல் சர்வகலாசாலைப் பேராசிரியர் மார்ஷ் என்பவருக்கு எழுதினார். அக்காலத்தில் மார்ஷுக்கும் கோப் என்ற இன்னொரு விஞ்ஞானிக்கும் பெரிய போட்டி. யார் முந்தி எலும்பை எடுப்பது, யார் முந்திப் பெயர் வைப்பது என்பதில் இருவரும் அடித்துக்கொள்ளாத குறைதான். ஆகவே மார்ஷ் உபாத்தியாயருக்குப் பணம் அனுப்பிவிட்டு, அரையும் குறையுமாக வந்த எலும்புகளை வைத்துக்கொண்டு, அவ்வருஷமே அவசர அவசரமாக ஸ்டெகோசாரஸ் என்று பெயரிட்டு உலகத்துக்கு அறிவித்தார். கிரேக்க பாஷையில் அதற்குக் "கூரைப் பல்லி" என்று அர்த்தம். ஏன் கூரை? அந்தத் தகடுகள், வீட்டுக் கூரையில் ஓடு வேய்ந்ததுபோல் முதுகின்மேல் படுக்கையாகக் கிடந்திருக்க வேண்டும் என்றும், மிருகம் ஆமையைப் போல் தண்ணீரில் வாழ்ந்திருக்க வேண்டும் என்றும் அவர் முதலில் நினைத்தார்.

மார்ஷ் சாமானியர் அல்ல. அக்காலத்து அமெரிக்க விஞ்ஞானிகளில் முதல் வரிசையில் இருந்தவர். அப்படிப்பட்டவர் சொன்னதுதான் ஓடும் கூரையும். அதன் கதி என்ன ஆயிற்று?

1880-களில் அதே கொலராடோவில் கார்டன் பார்க் என்னுமிடத்தில் மார்ஷுக்காகத் தோண்டிக்கொண்டிருந்த ஃபெல்ச் என்பவரின் குழியிலிருந்து, ஏறக்குறைய முழு எலும்புக்கூடு ஒன்று, செத்து விழுந்த கோலத்திலேயே கிடைத்தது. தகடுகள் படுத்துக் கிடக்கவில்லை, நிமிர்ந்து நின்றிருந்தன என்பது தெரிந்தது. மார்ஷே தம்முடைய பழைய எண்ணத்தைக் கைவிட்டு, 1891-ல் தகடுகள் முதுகில் ஒரே வரிசையாக நிற்பதாகப் படம் போட்டார். வாலில் எட்டு முட்களும் வரைந்தார். மார்ஷ் இறந்தபின், ஒரு வரிசையல்ல, இரண்டு வரிசை என்று மற்றவர்கள் கண்டார்கள். 1910-ல் லல் என்பவர் தகடுகளை ஜோடி ஜோடியாக நிறுத்தி, மார்ஷ் வேலை பார்த்த அந்த யேல் காட்சிசாலையிலேயே எலும்புக்கூட்டை நிறுத்திவைத்தார். 1914-ல் கில்மோர் என்பவர் எலும்புகளை ஒவ்வொன்றாக அளந்து ஒரு பெரிய நூல் எழுதி, ஜோடியல்ல, ஒன்று விட்டு ஒன்றாக மாறி மாறி நின்றன என்று காட்டினார். லல் நிறுத்திய எலும்புக்கூடும் பின்னர் அதன்படியே மாற்றி நிறுத்தப்பட்டது. வால் முட்கள் எட்டு அல்ல, நான்கு என்று ஏற்பட்டது. தரையில் இழுபட்டுக்கொண்டிருந்த வாலும் மேலே தூக்கப்பட்டது. 1992-ல் அதே பிரதேசத்தில் தகடுகள் இடம் பிசகாமல் கிடைத்த இன்னொரு எலும்புக்கூடு, கில்மோர் சொன்னதே சரி என்பதை ருஜுப்படுத்திற்று.

இதைக் கண்டு, "பார்த்தீர்களா! எத்தனை தடவை மாற்றிவிட்டார்கள்!" என்று ஒருவர் குதூகலப்படலாம். நாம் கேட்பது என்னவென்றால், யார் மாற்றியது? எதைக் கண்டு மாற்றியது? பழமைப் பிரியர்கள் யாராவது வந்து மாற்றினார்களா? எவருடைய கனவிலாவது யாராவது வந்து சொன்னார்களா? மண்வெட்டியும் உளியும் பிடித்துத் தோண்டினவர்கள்தான் மாற்றினார்கள். எலும்பு கிடைத்தது, மாற்றினார்கள். அதுவும், மார்ஷ் பெரியவராயிற்றே என்று வாயை மூடிக்கொள்ளவில்லை. அவருடைய சீடர்கள் கோபித்துக்கொள்வார்களே என்று பயப்படவில்லை. தவறு என்று காட்டினவனை ஊரைவிட்டுத் தள்ளவுமில்லை. அவன் பெயரை எழுதிவைத்துக்கொண்டார்கள்.

மாறாமல் நின்றது எது என்பதையும் பார்க்க வேண்டும். தகடுகளின் வரிசை மாறிற்று. தகடுகள் உண்டு என்பது மாறவில்லை. முட்களின் எண்ணிக்கை மாறிற்று. முட்கள் உண்டு என்பது மாறவில்லை. அம்முட்களுக்கு வேலை இருந்தது என்பதும் மேலும் உறுதிப்பட்டிருக்கிறது. அக்காலத்து மாமிசபட்சணியான அல்லோசாரஸின் வால் எலும்பு ஒன்றில், ஸ்டெகோசாரஸின் முள் குத்தியதற்குப் பொருத்தமான துவாரம் இருப்பதை 2005-ல் எடுத்துக் காட்டினார்கள். ஆகவே விஞ்ஞானத்தின் மாறுதல் என்பது குடிகாரன் தள்ளாடுவது போன்றதல்ல. தச்சன் இழைப்புளி போடுவது போன்றது. ஒவ்வொரு இழைப்பிலும் கொஞ்சம் சீவல் கழியும், பலகை ஒழுங்காகும்.

இனம் பிரித்த விஷயத்திலும் இப்படியேதான். மார்ஷ் 1877-லேயே இதற்கென்று ஸ்டெகோசாரியா என ஒரு தனிப் பிரிவு வகுத்தார். 1887-ல் இங்கிலாந்தில் சீலி என்பவர், இடுப்பெலும்பின் அமைப்பைக்கொண்டு டைனோசார்களைப் பல்லி இடுப்பு, பறவை இடுப்பு என இரண்டாகப் பிரித்தார். நம் மிருகம் பறவை இடுப்பில் சேர்ந்தது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், உண்மையான பறவைகள் பல்லி இடுப்புக் கூட்டத்திலிருந்தே வந்தவை என்று பிற்பாடு தெரிந்தது! பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? போட்டியில் மார்ஷும் கோப்பும் வாரியிறைத்த பெயர்களில் பல பின்னால் தள்ளுபடியாயின. கடைசியில், மார்ஷ் 1877-ல் பெயர் வைத்த அந்த முதல் எலும்புகளே இனத்தை அடையாளங்காணப் போதாதவை என்று சொல்லி, மிருகங்களின் பெயர்களை ஒழுங்குபடுத்தும் சர்வதேசக் கமிஷன் 2013-ல் அவற்றை மூலமாதிரி என்ற ஸ்தானத்திலிருந்து இறக்கி, ஃபெல்ச் தோண்டிய எலும்புக்கூட்டின் இனத்தை அந்த ஸ்தானத்தில் வைத்தது. முந்திப் பிறந்தது என்பதற்காக எதற்கும் சலுகை கிடையாது.

இனி நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. "ஸ்டெகோசாரஸுக்கு இரண்டு மூளை, ஒன்று தலையில், ஒன்று இடுப்பில்" என்று பகுத்தறிவுப் பிரசாரகர்கள் சிலரே மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். இது விஞ்ஞானத்தின் பெயரால் வளர்ந்த ஒரு புராணம். இடுப்பெலும்பில் தண்டுவடம் செல்லும் வழி மிகவும் அகன்றிருப்பதைக் கண்ட மார்ஷ், அது மூளைப் பெட்டியைப் போலிருக்கிறதென்று எழுதினார். ஜனங்கள் அதை இரண்டாவது மூளையாகவே ஆக்கிவிட்டார்கள். நம் வீட்டுக் கோழியின் இடுப்பிலும் அப்படி அகன்ற இடம் இருக்கிறது. அங்கே இருப்பது மூளையல்ல. கிளைகோஜன் என்னும் சத்து நிறைந்த ஒரு உறுப்பு. கோழிக்கு இரண்டு மூளை என்று யாரும் சொல்வதில்லையே! ஸ்டெகோசாரஸின் இடுப்பிலும் அப்படியொன்று இருந்திருக்கலாம் என்பதே இப்பொழுதைய அபிப்பிராயம். கேட்க ருசியாயிருக்கிறது என்பதற்காக ஒன்றைச் சொல்லிக்கொண்டு திரிவோமானால், மற்றவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இதைவிடக் கடினமான பரீட்சை ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. அரியலூர்ப் பக்கத்துப் பாறைகளில் கிடைத்த சில எலும்புகளை ஆராய்ந்து, 1979-ல் யாதகிரி, அய்யாசாமி என்ற இருவர், அவை ஸ்டெகோசாரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மிருகத்தினுடையவை என்று சொல்லி, அதற்குத் "திராவிடோசாரஸ்" என்று பெயர் வைத்தார்கள். பெயரைக் கேட்டதும் நம்மவர்களுக்கு மார்பு விரியத்தான் செய்யும். ஆனால் அந்தப் பாறைகள் ஜுராசிக் காலத்துக்கு வெகு பிந்தியவை, சுமார் 9 கோடி வருஷத்தவை; அதுவும் கடலில் படிந்தவை. 1996-ல் சாட்டர்ஜி, ருத்ரா என்ற இருவர், அவை தகட்டு மிருகத்தின் எலும்புகளே அல்ல, பிளீசியோசார் என்னும் துடுப்புக்கால் கடற்பிராணியின் எலும்புகள் என்று எழுதினார்கள். அதை மறுத்தவர்களும் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை. இதில் நாம் எந்தக் கட்சி? பெயரில் "திராவிட" என்று இருக்கிறதே என்று அந்தக் கட்சியில் சேர்ந்துவிடுவோமானால், பழமைப் பிரியனுக்கும் நமக்கும் உள்ள பேதம் போய்விட்டது. நம் கட்சி எலும்பின் கட்சி. அது தகட்டு மிருகம் என்று ஏற்பட்டால் சந்தோஷம். கடற்பிராணி என்று ஏற்பட்டால் அதிலும் நமக்கு நஷ்டமில்லை.

எலும்பின் கட்சி ஜெயிக்கவேண்டுமானால் எலும்பு பொதுவில் இருக்கவேண்டும். 2024-ல் நியூயார்க்கில் ஒரு ஸ்டெகோசாரஸ் எலும்புக்கூடு நாலு கோடியே நாற்பத்தாறு லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. வாங்கிய பணக்காரர் அதைக் காட்சிசாலைக்கு இரவலாகக் கொடுத்தார் என்பது நல்லதுதான். ஆனால் உடையவர் மனம் வைத்தால்தான் உண்மையைச் சோதிக்கலாம் என்ற நிலைமை உண்மைக்கு ஏற்றதல்ல. மார்ஷைத் திருத்த முடிந்ததற்குக் காரணம், அவர் எடுத்த எலும்புகள் பொதுக் காட்சிசாலைகளில் இருந்தன. எவரும் போய் அளக்க முடிந்தது. பூட்டி வைக்கப்பட்டது எலும்பானாலும் சரி, ஏடானாலும் சரி, அதைப் பற்றிச் சொல்லப்படுவதைத் திருத்த வழியில்லாமற் போகும்.

ஆகவே, மாறாதது என்பது ஒரு பெருமையல்ல. செத்துப்போன கடிகாரமும் மாறுவதில்லை. ஒருவன் ஒன்றைச் சொன்னால், "இது தவறு என்று எதைக் காட்டினால் நீ ஒப்புக்கொள்ளுவாய்?" என்று கேளுங்கள். "இன்ன எலும்பைக் காட்டு, ஒப்புக்கொள்ளுகிறேன்" என்பவன் சொல்லை இப்போதைக்கு எடுத்துக்கொள்ளலாம். "எதைக் காட்டினாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்" என்பவன் வெளியார் ஆனாலும் சரி, நம்மவர் ஆனாலும் சரி, அவனிடம் கற்றுக்கொள்ளத்தக்கது ஒன்றுமில்லை.