பேய் இல்லை என்றேன், பாடத்தைப் பாதியில் விட்டேன்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

லீவுக்கு வந்திருக்கும் பேரன் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். பாலைவனத்தில் ஒரு கற்பனை நகரம், அதன் ஓரத்தில் பெரிய இடுகாடு. பகலில் ஜனங்கள் வந்து விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள். இருட்டிவிட்டால் செத்தவர்கள் எழுந்து வருகிறார்கள். "ஒரே இடம் கோயில் மாதிரியும் இருக்கு, பேய் வீடு மாதிரியும் இருக்கு. நிஜத்துல இப்படி எங்கயாவது உண்டா ஆச்சி?" என்று கேட்டான்.

"உண்டு, எகிப்தில் கெய்ரோவில்" என்றேன். சொல்லி முடித்தபோது எனக்கே மனசில் ஒரு உறுத்தல். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கெய்ரோவின் கிழக்கே முகத்தம் என்ற மொட்டைக் குன்று. அதன் அடிவாரத்தில் மைல் கணக்கில் நீளும் இடுகாட்டின் பெயர் கராஃபா. ஏழாம் நூற்றாண்டில் அரபுகள் எகிப்தைப் பிடித்த காலத்திலிருந்தே அங்கே அடக்கம் செய்து வருகிறார்கள். அதற்கு ஒரு பழங்கதை உண்டு. எகிப்தின் பழைய ஆட்சித் தலைவர் அந்த வெறும் நிலத்தை 70,000 தீனார் கொடுத்து வாங்கிக்கொள்ளக் கேட்டாராம். புல்கூட முளைக்காத இடத்துக்கு ஏன் இவ்வளவு விலை என்று விசாரித்தால், சுவர்க்கத்துச் செடிகள் அங்கே முளைக்கும் என்று பழைய ஏடுகளில் எழுதியிருக்கிறது என்றாராம். விஷயம் கலீஃபா உமருக்குப் போனது. சுவர்க்கத்துச் செடி என்றால் நல்ல மனிதர்கள்தான், அவர்களை அங்கே அடக்கம் செய்யுங்கள் என்று அவர் பதில் அனுப்பினாராம். கதைதான். ஆனால் ஒரு பொட்டல் நிலம் புனித நிலமாக மாறியதை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது.

அங்கே அடங்கியிருப்பவர்களில் ஒருவர் இமாம் ஷாஃபி. 820-ல் காலமானவர். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து என் மாணவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம் கடற்கரை முஸ்லிம்களில் பெரும்பாலோரும் இலங்கை முஸ்லிம்களும் பின்பற்றும் மத்ஹபு அவர் பெயரால் வழங்குவது. அவருடைய கபுர் மேல் 1211-ல் சுல்தான் அல்-காமில் எழுப்பிய குவிமாடம் இன்றும் நிற்கிறது. அதன் உச்சியில் உலோகத்தால் செய்த ஒரு சின்னப் படகு இருக்கிறது. பறவைகளுக்குத் தானியம் போடுவதற்காம்.

அந்த இமாமுக்கு எகிப்து ஜனங்கள் தபாலில் கடிதம் போடுவார்கள். என் மாட்டைத் திருடிவிட்டார்கள், என் புருஷன் கொடுமைப்படுத்துகிறான், அதிகாரி நியாயம் சொல்லவில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும் என்கிற மாதிரி. சையித் உவைஸ் என்ற சமூகவியல் அறிஞர் இந்தக் கடிதங்களை ஆராய்ந்து 1965-ல் ஒரு புத்தகமே எழுதினார். உயிரோடு இருப்பவர்களிடம் நியாயம் கிடைக்காத ஏழை, 1,100 ஆண்டுகளுக்கு முன் இறந்தவருக்கு மனு எழுதுகிறான். இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு வாய் வரவில்லை.

அங்குள்ள குடும்பக் கல்லறைகள் நாம் நினைக்கிற மாதிரி வெறும் மேடுகள் அல்ல. சுற்றிலும் மதில், நடுவில் முற்றம், வந்தவர்கள் தங்க அறைகள். ஹோஷ் என்பார்கள். 1326-ல் கெய்ரோ போன இப்னு பதூதாவே, ஜனங்கள் கல்லறையில் வீடு மாதிரிக் கட்டி, இரவு தங்கிக் குர்ஆன் ஓதச் செய்வதைப் பார்த்து எழுதியிருக்கிறார். பெருநாளில் குடும்பத்தோடு வந்து, ரொட்டியும் பலகாரமும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பின்னாளில் நகரத்தில் வாடகை கொடுக்க முடியாதவர்கள் அந்த அறைகளிலேயே குடியேறினார்கள். 1992 பூகம்பத்தில் வீடு இழந்தவர்கள் சிலரும் வந்து சேர்ந்தார்கள். கல்லறைக் கொடியில் துணி காயும், பக்கத்தில் பிள்ளைகள் பந்து விளையாடும்.

பேய்க்கதைகளுக்கும் குறைவில்லை. அநியாயமாகக் கொல்லப்பட்டவன் அஃப்ரீத்தாக அலைவான், பாழடைந்த கல்லறையில் ஜின் குடியிருக்கும் என்பது எகிப்தியரின் பழைய நம்பிக்கை. பக்தி பாதி, பயம் பாதி. இரண்டும் சேர்ந்து அந்த நிலத்துக்கு வேலி போட்டிருந்தன என்பது என் எண்ணம்.

இப்போது அந்த வேலி போய்விட்டது. 2020 முதல் புதுச் சாலைகளுக்காகவும் பாலங்களுக்காகவும் கராஃபாவின் பல பகுதிகளை இடித்து வருகிறார்கள். பழைய கெய்ரோ 1979-லிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. அதுவும் புல்டோசரை நிறுத்தவில்லை. இடிபாடுகளில் தேடிய இளைஞர்கள், ஒன்பதாம் நூற்றாண்டுக் கூஃபி எழுத்துள்ள கல்லறைக் கல்லைக் கண்டெடுத்தார்கள். 2022-ல் தாஹா ஹுசைனின் கல்லறையிலேயே இடிப்பதற்கான சிவப்பு அடையாளம் போட்டிருந்தது. சிறு வயதில் கண் பார்வை இழந்தும் அரபு இலக்கியத்தின் தலைமகனானவர் அவர். 1950-ல் கல்வி அமைச்சராகி, பள்ளிப் படிப்பு ஏழைப் பிள்ளைக்கும் இலவசம் என்று ஆக்கியவர். ஒரு வாத்தியாராக எனக்கு அந்தச் செய்தி வலித்தது. குடும்பமும் நாடும் குரல் எழுப்பிய பிறகு கல்லறை தப்பியது.

அரசாங்கத் தரப்பையும் சொல்ல வேண்டும். இரண்டு கோடிக்கு மேல் ஜனங்கள் நெருக்கியடிக்கும் மாநகரம், சாலை வேண்டும். நிலத்தடி நீர் ஏறிப் பல கல்லறைகள் கெட்டுப்போகின்றன. பதிவு பெற்ற நினைவுச் சின்னங்களைத் தொடவில்லை என்கிறார்கள். 2023-ல் அதிபர் சிசி ஒரு குழு அமைத்தார், நாட்டின் பெரியவர்களுக்காகத் தனி இடுகாடு அமைக்கவும் உத்தரவிட்டார்.

இங்கேதான் நான் மாறுபடுகிறேன். பெரிய மனிதரின் எலும்பை எங்கே வைத்தாலும் அவர் பெரிய மனிதர்தான். அவருக்குப் புத்தகம் இருக்கிறது, சிலை இருக்கிறது. பெயர் தெரியாத ஒரு பாட்டிக்கு என்ன இருக்கிறது? நாலு தலைமுறை வந்து ரொட்டி வைத்த அந்த முற்றம் மட்டும்தான். அதை இடித்து, எலும்பை மூட்டை கட்டி ஊருக்கு வெளியே பாலைவனத்தில் கொண்டுபோய் வைத்தால், பஸ் காசு இல்லாத பேத்தி எப்படிப் போவாள்? இடித்த பாலத்தை மறுபடி கட்டலாம். இடித்த கல்லறையை மறுபடி கட்டினால் வெறும் சிமெண்டுதான் இருக்கும். சாலை வளைந்து போகட்டும். பத்து நிமிஷம் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகாது.

இப்போது என் உறுத்தல். என் வகுப்பில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். "பேய் கிடையாது, இடுகாடு என்பது வெறும் மண்" என்று வருஷா வருஷம் சொல்லியிருக்கிறேன். பேய் கிடையாது என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் "வெறும் மண்" என்றேனே, அது தப்பு. பயத்தை எடுத்துவிட்டேன், அந்த இடத்தில் மரியாதையை வைக்க மறந்துவிட்டேன். பயம் போன இடத்தில் மரியாதை வராவிட்டால் அங்கே புல்டோசர்தான் வரும். முப்பது வருஷம் பாதிப் பாடம் நடத்தியிருக்கிறேன். மீதிப் பாதி இதுதான்: செத்தவர்கள் எழுந்து வந்து தங்கள் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள மாட்டார்கள். அதனால்தான் அந்தப் பொறுப்பு நம்முடையது.

பேரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ நம்ம பூட்டி, பூட்டன் எங்க இருக்காங்க ஆச்சி?" என்றான். அம்மா வழியில் ஒரு இடத்தை என்னால் சொல்ல முடிந்தது. அப்பா வழியில் தெரியவில்லை. உறவுகளில் யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். மாணவர்களே, நீங்களும் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே கேட்டு ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். இது டீச்சர் கொடுக்கும் வீட்டுப்பாடம்.