அடிக்குறிப்பும் ஒரு மந்திரமா?

எந்தப் புராணத்திலாவது "இதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்க இடமுண்டா? ரிஷி சொன்னார், சிவன் பார்வதிக்குச் சொன்னார் என்பதோடு சரி. மேலே கேட்டால் நாஸ்திகன் என்பார்கள். ஆனால் 2001-ம் வருஷம் ஜனவரியில் ஆரம்பிக்கப்பட்டு, இணையத்தில் யாரும் எழுதவும் திருத்தவும் கூடியதாய் இருந்துவரும் விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியமோ, எழுதுகிறவன் பண்டிதனே ஆனாலும் ஆதாரத்தைக் காட்டு என்கிறது. காட்டாவிட்டால் "சான்று தேவை" என்று குறி போடுகிறார்கள். அல்லது எடுத்தே விடுகிறார்கள். இதைப் பகுத்தறிவுக்கு ஒரு வெற்றியென்றே சொல்லுவோம்.

ஆனால் தோழர்களே, இதிலும் ஒரு மூடநம்பிக்கை புகப் பார்க்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் டி.ஓ.ஐ. என்ற நிலையான அடையாள எண் கொடுக்கும் வழக்கம் இருப்பதால், எந்தக் கட்டுரை இக்களஞ்சியத்தில் எத்தனை இடத்தில் எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது என்று எண்ணிவிடலாம். ஆல்ட்மெட்ரிக் என்னும் ஸ்தாபனம் 2015 முதல் இந்தக் கணக்கை எடுத்து வருகிறது. கணக்கெடுப்பதில் குற்றமில்லை. "இத்தனை இடத்தில் சொல்லியிருக்கிறது, ஆகவே உண்மை" என்பதுதான் குற்றம். திருப்பதிக்குப் போகிற கூட்டத்தைக் காட்டிக் கடவுளை ருஜுப்படுத்துவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஒன்று பாருங்கள். 1998-ல் 'லான்செட்' என்ற பெரிய ஆங்கில வைத்தியப் பத்திரிகையில் வேக்ஃபீல்ட் என்ற டாக்டரும் அவருடைய கூட்டத்தாரும் வெறும் 12 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். தட்டம்மை முதலிய மூன்று நோய்களைத் தடுக்கும் ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற பீதி அதிலிருந்து கிளம்பிற்று. பெற்றோர் பலர் ஊசியைத் தவிர்த்தார்கள். பிரிட்டனில் தட்டம்மை திரும்பவும் தலையெடுத்தது. 12 வருஷம் கழித்து, 2010-ல்தான் பத்திரிகை அதை முழுவதும் வாபஸ் வாங்கிற்று. அக்கட்டுரையை நம்பிக் குறிப்பிட்டவனும், பொய்யென்று காட்டக் குறிப்பிட்டவனும் எண்ணிக்கையில் ஒன்றுதானே?

ஆகவே எண்ணிக்கை யோக்கியதையாகாது. வாபஸான கட்டுரை எந்தப் பக்கத்தில் இன்னமும் ஆதாரமாய் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துக் களைவதே அக்கணக்கின் உண்மையான உபயோகமாகும்.

மற்றொரு அக்கிரமமும் உண்டு. அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு மூலக் கட்டுரையைப் படிக்கப் போனால், அநேக பத்திரிகைகள் பணங்கேட்டுக் கதவை அடைக்கின்றன. வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றென்றது பழைய தர்மம். பணமில்லாதவன் ஆதாரத்தைப் படிக்கக் கூடாதென்பது புதிய தர்மம். படிக்க முடியாததை நம்பு என்றால், அதற்கும் வேதத்திற்கும் பேதமென்ன? பொதுஜனங்களின் வரிப்பணத்தில் நடந்த ஆராய்ச்சியாவது பொதுஜனங்களுக்குத் திறந்திருக்க வேண்டாமா?

ஆகையால், அடிக்குறிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். அது சொல்லுவதாகச் சொல்லப்படுவதை அது உண்மையில் சொல்லுகிறதா என்று எடுத்துப் பாருங்கள். நாம் சொல்லுவதையும் அப்படியே சோதித்துப் பாருங்கள்.