கணக்கு வாத்தியாரின் முதல் நாள்

ஜூன் மாதம் குற்றாலத்தில் சாரல் ஆரம்பமாகும். பக்கத்துத் தென்காசியில் பள்ளிக்கூடமும் திறந்துவிடும். அருவிக்குக் கிளம்பும்போது குதிக்கிற பிள்ளை ஆறாம் வகுப்புக்குத் தயங்கித் தயங்கிப் போகிறது. கணக்கு வாத்தியார் எப்படிப்பட்டவரோ!

2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பிரம்பை விலக்கிவிட்டது. பயத்தை விலக்கச் சட்டம் ஏது? "கணக்கு வராதவர் யார்?" என்று முதல் நாளே கேட்டால், அன்று தூக்கிய கையைப் பிள்ளை வருஷம் முழுதும் இறக்குவதில்லை.

நாம் சொல்வது வேறு. வாத்தியார் மூன்றடிக் கம்புடனேயே வரட்டும்! வெயில் தலைகாட்டும் பிற்பகலில் காசி விசுவநாதர் கோயில் வாசலில் அதை நாட்டட்டும். கம்பின் நிழல் இரண்டடியானால், கோபுரத்தின் உயரம் அதன் நிழலைப்போல் ஒன்றரை மடங்கு. கிரேக்கத் தேலீஸ் பிரமிடை இப்படித்தான் அளந்தாராம்.

1990-இல் புதுப்பிக்கப்பெற்ற அந்த ஒன்பது நிலைக் கோபுரம் சுமார் 180 அடி. பிள்ளைகளுக்கு விடை குறைந்தே வரும். நிழலைச் சுவரிலிருந்தல்ல, கோபுரத்தின் நடுவிலிருந்து அளக்கவேண்டும். வாத்தியார் அதைச் சொல்லிவிடக் கூடாது. "நானும் முதலில் இப்படித்தான் தவறினேன்" என்று மட்டும் ஒப்புக்கொள்ளலாம். "ஏன் ஸார் குறைகிறது?" என்று ஒரு பிள்ளை கேட்கும்வரை காத்திருக்கட்டும், அதற்குள் மறுபடி சாரல் வந்து எல்லோரும் நனைந்தாலும் பாதகமில்லை.