கிரீடம் யாருக்கு?

அமெரிக்காவில் கறுப்பினப் பட்டதாரிப் பெண்களின் சங்கங்கள், உயர்நிலைப் பள்ளி மாணவியரைச் சமூகத்துக்கு அறிமுகம் செய்யும் 'டெபியூட்டான்ட்' விழாக்களை நடத்துகின்றன. 1908இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தோன்றிய அல்ஃபா கப்பா அல்ஃபா இச்சங்கங்களுள் மூத்தது. விண்ணப்பித்துத் தெரிவாகும் மாணவியர் பல மாதங்கள் பயிற்சியும் சமூக சேவையும் செய்தபின், வெண்ணிற ஆடையில் தந்தையின் கைபிடித்து மேடையேறுவர். புலமைப்பரிசிலும் உண்டு.

வெறும் ஆடம்பரம் என்றே முதலில் நினைத்தேன். கதவுகள் அடைக்கப்பட்ட ஒரு சமூகம், தன் பெண்பிள்ளைகளின் மதிப்பைத் தானே எடுத்துச் சொன்ன வழி அது என்பது பிறகுதான் புரிந்தது.

ஆனால், சில இடங்களில் அதிக நிதி திரட்டியவளுக்கே கிரீடமாம்! இதை என்னால் ஏற்க முடியவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கப் பலர் இருப்பர். கூலித் தொழிலாளியின் மகளுக்கு யார் இருக்கிறார்? அவளுடைய உழைப்பையல்லவா அளக்க வேண்டும்?